பதினாறுக்கு நாலு அடி

பேனர் பதினாறுக்கு நாலு.
கோல கெட்டில் பசார் எதிரே
சிக்னல் கம்பத்துக்கும் மருந்துக்கடைத் தூணுக்கும் நடுவில்
வெள்ளிக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும்.

ஏற்பாட்டுக் குழு சொன்னது:
அம்மையார் படம் இடப்பக்கம், பட்டமளிப்புத் தொப்பியோடு.
ஒய்.பி. படம் வலப்பக்கம், கொஞ்சம் பெரிசாக.
நடுவில் ரோஜா.
‘விஞ்ஞானச் சுடர்
முனைவர் அஞ்சலாட்சி முத்துவீரன் அவர்களே, வருக வருக.’
கீழே செயலாளர் கைப்பேசி எண்.

அவரிடமிருந்து வந்தது ஒரே மின்னஞ்சல்.
என் முகம் வேண்டாம். இந்தப் படத்தைப் போடுங்கள்.

திறந்தேன்.
கல்யாணம் முடிந்த மறுநாள்
மண்டப மூலையில் கிடக்கும் ரிப்பன் குவியல்.
ஓரிடத்தில் ஸ்பிரிங்காகச் சுருண்டு
ஓரிடத்தில் தட்டை அம்பாக நீண்டு
தன்னையே சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மருந்துக்கடை மிஸ் லியோங்தான் விளக்கினாள்.
ரப்பர் பாலில் இருக்கும் ஒரு புரதமாம்.
கையுறை மாட்டிய கையைத் தடிக்க வைப்பது.
அதன் உருவத்தை முதலில் கண்டது இவராம்.

மங்களேஸ்வரி ஆறு வருஷம் கையுறை ஆலையில்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
என் மோட்டார் சைக்கிளின் பனி நனைந்த டாங்கியில்
இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள்.
சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.
நாலு சோப்பு மாற்றினோம்.

அதே ஆறு வருஷம்
எங்கோ ஒரு குளிர் அறையில் இந்த அம்மாள்
ஒரு துளியைக் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு
உப்பைக் கூட்டி, உப்பைக் குறைத்து,
படிகம் கட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
எண்ணூறு துளி கலங்கிப் போனதாம்.
ஒன்றில் மட்டும்
சீனிப் பருக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு
என்னவோ மின்னியிருக்கிறது.
அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, தெறித்த புள்ளிகளை அளந்து
அது எப்படி மடிந்திருக்கிறது என்று சொன்னாராம்.
சுவரில் பட்ட எச்சிலைப் பார்த்து
தும்மினது யார் என்று சொல்கிற கணக்கு.
எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

வலது மேல் பக்கம்
ரிப்பன் இரண்டு விரல் அகலத்துக்கு அறுந்திருந்தது.
கோப்பு பழுது என்று
நானே இழுத்து ஒட்டினேன்.
நிறம் பொருத்தி, நிழல் போட்டு,
யாருக்கும் தெரியாதபடி. இருபது வருஷத் தொழில்.
மாதிரியை அனுப்பிவிட்டு தே தாரிக் கட்டி வரச் சொன்னேன்.

தே வருவதற்குள் ஃபோன்.
எண் வெளிநாடு. குரல் எங்கள் பக்கம்.
“அண்ணே, அந்த ஒட்டை எடுத்துடுங்க.
அந்த ஏழு கண்ணி மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.
நான் பார்க்கல.
பார்க்காததை வரையல.”

“அழகா இருக்கேம்மா.”

“அழகாத்தான் இருக்கு,” என்றார். “எடுத்துடுங்க.”

ஒட்டியதைவிட
பிரிக்க அதிக நேரம் பிடித்தது.

அச்சுப் பிழையென்றால் பாதிக் காசு என்றார் செயலாளர்.
மின்னஞ்சலைக் காட்டினேன்.
ரோஜாவையாவது அங்கே நகர்த்தக் கூடாதா என்றார்.
கூடாது என்றேன்.
வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

வியாழன் இரவு ஏறிக் கட்டினேன்.
மங்களேஸ்வரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
காற்றுக்கு வழி விட
பேனரில் பிறை பிறையாக வெட்ட வேண்டும்,
இல்லாவிட்டால் ஒரே மழையில் கிழிந்து போகும்.
ரிப்பன் மேல் கத்தி படாமல் வெட்டினேன்.
ஒய்.பி. காதில் ஒன்று விழுந்துவிட்டது.

சிவப்பு விளக்கில் நின்ற செம்பனை லோரியிலிருந்து
ஒருவர் தலையை நீட்டினார்:
“அண்ணே, மேல கொஞ்சம் விட்டுப்போச்சே?”

நான் வாயைத் திறப்பதற்குள்
ஏணியிலிருந்து கையெடுக்காமல் அவள் சொன்னாள்:
“விட்டுப்போகல. விட்டிருக்காங்க.”

பச்சை விழுந்தது.
லோரி போன இடத்தில்
நாலைந்து செம்பனைப் பழம்
விளக்கு வெளிச்சத்தில் உருண்டு நின்றது.